கோடரிக்கு முன் ஒரு டார்ச் விளக்கு

சென்னை நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டி வாழும் குடியிருப்போர் நலச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மனு கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. காட்டு வேலியை ஒட்டி முப்பது அடி அகலத்துக்கு மரங்களையும் புதர்களையும் அகற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையை மண் கொட்டி மூட வேண்டும் என்று வனத்துறையைக் கேட்கும் மனு. காரணம் மலேரியா. சென்ற ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவனுக்கு வந்தது. அடுத்த தெருவில் இன்னும் இருவருக்கு. தாள் என் கைக்கு வந்தபோது எழுபதுக்கும் மேல் கையெழுத்துகள் விழுந்திருந்தன. நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பையனின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காடுதான் என் பிள்ளையைப் பிடித்தது, அக்கா" என்றார். எனக்கு வாய் எழவில்லை. அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பத்தொரு ஆண்டுகள் வடசென்னையில் ஆய்வக நுட்பனராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் 'லேப் அம்மா' என்பார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றி, எண்ணெய் லென்சின் கீழ் வைத்துப் பார்ப்பதுதான் என் வாழ்நாள் வேலை. தடித்த தடவலில் நூறு புலங்களாவது பார்க்காமல் 'கிருமி இல்லை' என்று எழுதக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம். வைவாக்ஸ் வகை என்றால் சிவப்பணு ஊதிப் பெருத்திருக்கும். அதற்குள் கிருமி கைகால் நீட்டியதுபோல் ஒழுங்கற்றுக் கிடக்கும். ஃபால்சிபாரம் வகையின் முதிர்ந்த வடிவம் மூன்றாம் பிறை மாதிரி வளைந்திருக்கும். அந்தப் பிறையைப் பார்த்துவிட்டால் நாற்காலியைத் தள்ளிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடுவோம், ஏனென்றால் மூளையைத் தாக்கி ஆளைக் கொல்லக்கூடிய வகை அது. எங்கள் தெருப் பையனுக்கு வந்தது வைவாக்ஸ். அவனுடைய அறிக்கையை அவன் அம்மா என்னிடம் காட்டினார்.

அறிக்கையைப் பார்த்த மறுநாள் காலை அவர்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் ஏறினேன். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி. மூடி எப்போதோ உடைந்துவிட்டது. அதன் இடத்தில் ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரை மடித்துப் போட்டு, மேலே செங்கல் வைத்திருந்தார்கள். பேனரை விலக்கி டார்ச் அடித்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. அந்தத் தெளிவின் மேல்பரப்பில், கிள்ளிப் போட்ட நூல் துண்டுகள் மாதிரி, புழுக்கள் தட்டையாகப் படுத்திருந்தன. வெளிச்சம் பட்டதும் வெடுக்கென்று விலகின. சாக்கடையில் நாம் பார்க்கும் கியூலெக்ஸ் கொசுவின் புழு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும், மூச்சுக்குழாயை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுவின் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதனால் நீர்ப்பரப்போடு பரப்பாகப் படுத்துத்தான் அது மூச்சு வாங்கும். இதைப் பிரித்தறிய நுண்ணோக்கி வேண்டாம், ஒரு டார்ச் விளக்கு போதும்.

பக்கத்து மனையில் ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் போய்ப் பார்த்தேன். லிஃப்டுக்காகத் தோண்டிய குழியில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். கான்கிரீட் ஆறுவதற்காகத் தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் வேறு. இரண்டிலும் புழு. அந்த இடத்திலிருந்து காட்டு வேலியை என் கண்ணால் பார்க்க முடிந்தது. மனுவை எழுதியவர்களும் அதே மாடியிலிருந்து அதே வேலியைத்தான் பார்த்திருப்பார்கள். காலடியில் இருந்த குழியைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சென்னையின் மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. இது மாடித் தொட்டியிலும், தரையடித் தொட்டியிலும், கிணற்றிலும், கட்டுமான இடங்களில் தேங்கிய நல்ல நீரிலும் முட்டையிடும். காட்டில் இதற்கு வேலையில்லை. மனிதன் தண்ணீரைச் சேமிக்கும் இடம்தான் இதன் ஊர். நகரங்களுக்கென்றே 1971-இல் நகர்ப்புற மலேரியா திட்டத்தை நடுவண் அரசு தொடங்க வேண்டியிருந்ததற்கு இந்தக் கொசு முக்கியக் காரணம். இன்று இதே கொசு கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கும் போய்விட்டது. 2012-இல் ஜிபூட்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் எத்தியோப்பிய நகரங்களில். அங்குள்ள மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாக இருந்தது. இப்போது நகரத்து நோயாகவும் மாறிவிடுமோ என்று உலக சுகாதார நிறுவனம் கவலைப்படுகிறது. நம் மொட்டைமாடிகளில் இத்தனை காலமாக வாழும் கொசுவைக் கண்டு உலகம் அஞ்சுகிறது. நாமோ முட்புதரைக் கண்டு அஞ்சுகிறோம்.

குவாரிக் குட்டையைப் பற்றி நேர்மையாகப் பேசிவிடுகிறேன். அதில் கொசுவே இராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தெளிந்த நீர் நிற்கும் பாறைக்குழி எதையும் சோதிக்காமல் விடக் கூடாது. ஆனால் மீனும் தவளையும் தட்டான்பூச்சியின் இளம்புழுவும் வாழும் குட்டையில் கொசுப்புழுவுக்குத் தின்பவர்கள் அதிகம்; உங்கள் தொட்டியில் ஒருவரும் இல்லை. பூச்சியியல் வல்லுநர் ஒருவரை அழைத்து, மாதம் ஒரு முறை அகப்பையால் முகந்து பார்க்கச் சொல்வோம். புழு இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லட்டும். கம்பூசியா மீனைக் கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கிணற்றுக்கு அது சரி. காட்டுக் குட்டையில் விட்டால் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் அது தின்று தீர்த்துவிடும். நமக்காகக் கொசுப்புழுவைத் தின்றுகொண்டிருந்தவர்களை நாமே கொன்றதாகும். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

சுமார் 320 ஹெக்டேர் முட்புதர்க் காடு அது. வேளச்சேரி - தாம்பரம் சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே, கொம்பன் ஆந்தை கூடு கட்டும் பாறைகளோடு பிழைத்துக் கிடக்கிறது. அதற்காக மட்டுமே கூட நான் அந்த மனுவை எதிர்ப்பேன். ஆனால் உங்களில் பலருக்கு ஆந்தையைவிடப் பிள்ளை பெரிது. எனக்கும் அப்படித்தான். ஆகவே பிள்ளையின் பக்கம் நின்றே பேசுகிறேன்.

காட்டை வெட்டினால் மலேரியா குறையுமா, கூடுமா? உலகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. சூழலியல் நண்பர்கள் சிலர் 'காடு இருந்தால் மலேரியா வராது' என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அங்கே நோய் பரப்பும் அனாபிலஸ் டார்லிங்கி கொசு, காடு அழிக்கப்பட்ட இடங்களில், காடு அடர்ந்த இடங்களைக் காட்டிலும் 278 மடங்குக்கு மேல் மனிதர்களைக் கடித்தது. மரம் போனதும் வெயில் விழுந்தது. வெயில் விழுந்த குட்டைகளில் அந்தக் கொசு பெருகியது. 2019-இல் பிரேசில் அமேசானைப் பற்றி வந்த ஆய்வு, காடழிப்பு 10 சதவீதம் கூடும்போது மலேரியா 3.3 சதவீதம் கூடுகிறது என்றது. மலேரியா அதிகமானால் காடழிப்பு வேகம் குறைகிறது என்பதையும் அதே ஆய்வு சேர்த்தே சொன்னது. காய்ச்சலில் படுத்தவன் கையில் கோடரி எப்படி ஓங்கும்? ஆனால் அதே பிரேசிலைப் பற்றி 2013-இல் வந்த வேறோர் ஆய்வு, பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு அருகிலுள்ள ஊர்களில்தான் மலேரியா அதிகம் என்று கண்டது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வோ, காடழிப்புக்கும் மலேரியாவுக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றது.

இத்தனை முரண்பாடு ஏன்? கொசு ஒரே வகை இல்லை என்பதால்தான். நிழலை விரும்பும் கொசு உண்டு, வெயிலை விரும்பும் கொசு உண்டு. ஓடும் நீரோடையின் ஓரப் புல்லில் முட்டையிடுவது உண்டு, காட்டுக்குள் இலைமட்கிய குட்டையில் முட்டையிடுவது உண்டு, உப்பங்கழியில் வாழ்வதும் உண்டு. ஒடிசாவின் கோராபுட் மலையடிவாரத்தில் ஓடையோரக் கொசுவான ஃபுளூவியாட்டிலிஸ் முதல் எதிரி. வடகிழக்கு மாநிலக் காடுகளில் பைமாய். நம் சமவெளிக் கிராமங்களில் குலிசிஃபேசிஸ். சென்னைக்கு ஸ்டீபன்சி. எந்தக் கொசு என்று கேட்காமல் மரத்தை வெட்டுவதும், அதைக் கேட்காமலே மரத்தைப் புகழ்வதும் ஒரே அவசரத்தின் இரண்டு பக்கங்கள்.

இது எனக்கு ஏட்டில் படித்த செய்தி மட்டும் இல்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். ஏழு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது, இடது விலாவுக்குக் கீழே வயிறு கல்லாக இறுகிப் புடைத்திருந்ததாம். 'காய்ச்சல் கட்டி' என்பார்கள் ஊரில். மண்ணீரல் வீங்கியது அது. ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்காய்ச்சல் வரும். நான்கு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுமளவுக்கு நடுங்குவார் என்று பாட்டி சொல்லுவார். கொயினா கசப்பை வெல்லத்தில் உருட்டிக் கொடுப்பாராம். நாற்பது வயதுக்குள் போய்விட்டார்.

பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியர் மலாயாவின் கதையைச் சொன்னபோதுதான் தாத்தாவுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்கு விளங்கியது. 1901-இல் கிள்ளான் நகரத்தில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலேரியாவோடு மல்லுக்கட்டினார். ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கிள்ளான் சமநிலம். அங்கே காட்டுச் சதுப்பின் நிழலில் வாழ்ந்த கொசுதான் நோயைப் பரப்பியது. காட்டை நீக்கி, சதுப்பை வடித்தார்; நோய் வீழ்ந்தது. இந்த வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு மலைச்சரிவுத் தோட்டங்களைப் பார்த்தால், அங்கே கதை தலைகீழ். ரப்பருக்காகக் காட்டை வெட்டியதும், அதுவரை நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. வெயில் ஓடையை விரும்பும் மாக்குலேட்டஸ் என்ற வேறொரு கொசு பெருகியது. காடு இருந்தவரை இல்லாத மலேரியா, காடு போன பிறகு தோட்ட லயங்களில் நுழைந்தது. அந்த லயங்களில் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் கங்காணி பிடித்துக் கொண்டுபோனவர்கள். ஓடைகளைக் குழாய்க்குள் புதைத்தும், எண்ணெய் தெளித்தும்தான் பின்னால் ஓரளவு கட்டுப்படுத்தினார்கள். ஒரே நாடு, ஒரே மருத்துவர், ஒரே கோடரி. சமவெளியில் அது உயிரைக் காத்தது, சரிவில் உயிரைக் குடித்தது.

இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு பிசையும். சரிவில் வெட்டும் முன் யாராவது ஒருவர் 'எந்தக் கொசு?' என்று கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

காட்டை அழிக்காமல் மலேரியாவை ஒடுக்க முடியுமா என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இலங்கையைப் பாருங்கள். 1934-35 கொள்ளைநோயில் அந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அதுவும் காட்டு நோய் இல்லை. மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றபோது குலிசிஃபேசிஸ் பெருகி வந்த நோய். அதே இலங்கையை 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் என்று வந்த ஒவ்வொருவரின் ரத்தத்தையும் சோதித்து, ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் தேடிப்போய்ச் சாதித்தார்கள். ஒடிசாவின் மலைக்காட்டுக் கிராமங்களில் மருந்து தோய்த்த கொசுவலையும், வீடுவீடாகப் பரிசோதனையும், உடனடி மருந்தும் போய்ச் சேர்ந்த பின் நோய் வெகுவாகக் குறைந்தது. காடு அங்கேயே இருக்கிறது. காட்டைக் காப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: காட்டுக்குள்ளும் ஓரத்திலும் வாழும் பழங்குடி மக்களுக்கு வலையும் மாத்திரையும் போய்ச் சேராமல் 'காட்டைக் காப்போம்' என்று மட்டும் சொல்வது அநியாயம். பாதுகாப்பின் விலையை அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

இன்னொரு பேச்சும் கூட்டத்தில் அடிபட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று. கிருமி யாருடைய ரத்தத்திலும் வரலாம். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வரும் கட்டடத் தொழிலாளியின் ரத்தத்தில் அது இருக்கலாம்; சுற்றுலா போய்வந்த நம் ரத்தத்திலும் இருக்கலாம். அதை அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகும் கொசுவை வளர்ப்பது யார்? அந்தத் தொழிலாளி தகரக் கொட்டகையில் வலை இல்லாமல் படுக்கிறார். காய்ச்சல் வந்தால் ஒருநாள் கூலி போகும் என்று மறைக்கிறார். அவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் பதில், கொட்டகைக்கே போய் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் செய்வது நம் எல்லோருக்கும் நல்லது.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள். காப்புக்காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும் என்பதால் மனு எப்படியும் தூங்கும் என்று சிலர் சொல்கிறார்கள். தூங்கினாலும் கெடுதல்தான். 'எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி அரசு பார்த்துக்கொள்ளும்' என்ற நிம்மதியில் நம் தொட்டிகள் திறந்தே கிடக்கும்.

உள்ளாட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் பெண்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்று யோசியுங்கள். தோளில் பை, கையில் டார்ச், வெயிலில் நாலு மாடி ஏற வருகிறார்கள். "மேலே எல்லாம் சுத்தமாக இருக்கிறது, கையெழுத்து மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றோ, "மாடிச் சாவி இல்லை" என்றோ திருப்பி அனுப்புகிறோம். நானே ஒருமுறை அடுக்களை அவசரத்தில் அப்படி அனுப்பியிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது. புகை மருந்து அடிக்கவில்லை என்று மட்டும் உரக்கக் குறைசொல்கிறோம். புகை, பறக்கிற கொசுவை அந்த நேரத்துக்கு விழுத்தாட்டும். தொட்டிக்குள் படுத்திருக்கும் புழுவை அது தொடாது. முட்டை கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள்தான். வாரம் ஒரு முறை தொட்டியைக் கழுவி, காற்றுப்போக்கிக் குழாயின் வாய்க்கு வலை கட்டி, இறுக்கமான மூடி போட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். கட்டடக்காரரிடம் லிஃப்ட் குழியை இறைக்கச் சொல்லுங்கள், சங்கத்தின் கடிதத்தாளில் எழுதியே சொல்லுங்கள்.

கடைசியாக, அந்தப் பையனின் அம்மாவுக்கு. தங்கச்சி, காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டுவிட்டது என்று அன்று சொன்னாய். வைவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் போய் உறங்கும். மாதங்கள் கழித்தும் எழுந்து வரும். அதற்குத்தான் பிரைமாகுவின் மாத்திரையைப் பதினான்கு நாள் எழுதித் தருகிறார்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துகிறவர்களை என் வேலைக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அதே பெயர் எழுதிய சில்லு மறுபடியும் என் மேசைக்கு வரும். அவன் பதினான்கு நாளும் சாப்பிட்டானா என்று மாத்திரை அட்டையை எடுத்துப் பார். விட்டிருந்தால் டாக்டரிடம் திரும்பக் கூட்டிக்கொண்டு போ. அவர் ரத்தச் சோதனை செய்து பார்த்துச் சொல்லட்டும். காட்டைத் திட்டுவதைவிட அவனுக்கு இது உதவும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு முனையில் நிற்பேன். இரண்டு டார்ச் விளக்கும், வெள்ளைப் பீங்கான் கிண்ணமும், அகப்பையும் கொண்டுவருகிறேன். முதல் வீடு என் வீடு. என் தொட்டியை நீங்களே திறந்து பாருங்கள். அதன் பிறகு வரிசையாக மற்ற மாடிகள். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். எந்தப் புழு படுக்கும், எந்தப் புழு தொங்கும் என்று அவர்களுக்குக் காட்டித் தருகிறேன். ஏணி மட்டும் யாராவது கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் தெரு லேப் அம்மா